மூழ்க மறுத்த அகாகி

தச்சு வேலையில் என்னைப்போல் கெட்டிக்காரன் இல்லை என்று இளம் வயதில் நான் நம்பினேன். கொஞ்சம் குறைவாக நம்பியிருந்தால், மதுரையே பார்க்க அந்த மானக்கேடு நடந்திருக்காது.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட சமயம். எந்நேரமும் நம் தலையில் விழும் என்று ஊரே நடுங்கியது. ஜனங்களுக்குத் தைரியம் வர, தெப்பக்குளத்தில் ஒரு ஜப்பான் விமானம் தாங்கிக் கப்பலை மூழ்கடித்துக் காட்ட யுத்த நிதிக்காரர்கள் முடிவுசெய்தார்கள். மாதிரிக் கப்பல் செய்யும் பொறுப்பு, கோரிப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த எனக்கு வந்தது. திருப்தியாக இருந்தால் பட்டாளத்துக்குப் பெட்டி செய்யும் வேலையும் எனக்கே.

ஒரு பழைய பத்திரிகைப் படத்தைக் கொடுத்தார்கள். கப்பலின் பெயர் அகாகி. போர்க்கப்பலாகக் கட்டத் தொடங்கி, பாதியில் விமானம் தாங்கியாக மாற்றியதாம். மேல்தளம் நெல்லடிக்கும் களம்போல நீளமாக இருந்தது. கேப்டன் நிற்கும் மேடை வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம். வலப்பக்கப் புகைபோக்கி கடலைப் பார்த்துக் குனிந்திருந்தது. ஒன்றையும் விடாமல், இரண்டு மாட்டுவண்டி நீளத்துக்குச் செய்தேன். விமானம் ஏறி இறங்கும் லிஃப்டுகூட வைத்தேன். (யார் கேட்டார்கள்?)

மூழ்கடிக்கும் நாளன்று, தலைமை தாங்க வந்த வெள்ளைக்காரத் துரை சைகை காட்டினார். மேல்தளத்தில் பட்டாசு வெடித்தது. அடியிலிருந்த அடைப்பானை என் மைத்துனன் காசிம் கயிற்றால் இழுத்துப் பிடுங்கினான். தண்ணீர் உள்ளே ஏறியது. கப்பல் நாலு விரற்கடை இறங்கி, அப்படியே நின்றுவிட்டது.

மரம் மிதக்கும்! தச்சனான எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கூட்டத்தில் ஒருவன், "ஜப்பான் கப்பல்டா! முங்குமா?" என்று விசிலடித்தான். கைதட்டல் கிளம்பியது. காவலுக்கு நின்ற போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், ஜப்பான்காரன் ஆளா நீயி? உள்ள தள்ளிருவேன். முக்குய்யா அத!"

நானும் காசிமும் நீந்திப்போய் மேலே ஏறி உட்கார்ந்தோம். எங்களையும் சேர்த்துச் சுமந்தது.

"மச்சான், எம்புட்டு உறுதியா செஞ்சுருக்கீக!" என்றான் காசிம் பெருமையாக.

"வாய மூடு மாப்ள, கரையிலேருந்து கோடாலிய வாங்கியா."

என் கையாலேயே வெட்டினேன். நடுவில் பிளந்தது. இரண்டு துண்டும் மிதந்தன.

"ஒண்ண ரெண்டு கப்பலாக்கிட்டியேய்யா!" என்று இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

துரை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜப்பான்காரன் மூழ்கடித்த எங்கள் கப்பல்களையும் இவனிடமே செய்யக் கொடுத்திருக்கலாம்" என்றாராம். பெட்டி வேலை எனக்குக் கிடைத்தது.

யுத்தம் முடிந்தபின் ஒரு விஷயம் தெரிந்தது. நிஜமான அகாகி, மிட்வே சண்டையில் அமெரிக்கக் குண்டு பட்டு எரிந்ததாம். எரிந்தும் மூழ்கவில்லை. கடைசியில் ஜப்பான்காரர்களே டார்பிடோ விட்டு அதை மூழ்கடித்தார்களாம். என் வேலை எவ்வளவு அசல் என்று சொல்லிச் சொல்லி அன்றைக்கு வீட்டில் ஒருவரையும் தூங்கவிடவில்லை நான்.

காசிமுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் பீரோவைத் தட்டிப் பார்த்து, "தாங்குமா அண்ணே?" என்று கேட்டால் என்னைப் பேச விடமாட்டான்.

"எங்க மச்சான் செஞ்சதுங்க. வெள்ளக்கார சர்க்காரே நின்னு பாத்தும் அழிக்க முடியல!"