நல்லசிவம் பொங்கல் உண்டு குருதி ஈந்த படலம்

வாழ்க நல்லசிவம்! ரங்கநாதன் தெருவெனும் நெரிபடு நெடுவீதியில், தோளொடு தோள் உரசும் மாந்தர் பெருவெள்ளத்தின் நடுவே, நைட்டியும் உள்பாவாடையும் வெற்றிக்கொடிகளாய்த் தொங்கும் கடைக்கோட்டை கட்டி ஆளும் கோமான் வாழ்க! ஆடித் தள்ளுபடிப் பெரும்போரில், பேரம் பேச வந்த பெண்டிர் படையின் சொல்லம்புகள் அத்தனையையும் கல்லாவில் அமர்ந்தபடியே மார்பில் ஏற்ற மறவன் வாழ்க! தேள்கொடுக்கென மேல்நோக்கி முறுக்கிய மீசையினன் வாழ்க! அத்தகையோன் மயிலாப்பூர் மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கி வாசலில் நின்று பட்ட பாட்டைப் பாடப் புகுகிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், ஆனால் அவன் பயந்தது உண்மை.

பயம் ஊசியைப் பற்றியதன்று. மனைவி தங்கத்தைப் பற்றியது. கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் ஓயாத உதிரப்போக்கு. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி எப்போதோ சொல்லிவிட்டார். ஆடி முடியட்டும் என்றாள் தங்கம். தீபாவளி போகட்டும் என்றாள். பொங்கல் வியாபாரம், கல்யாண சீசன் என்று கடையின் பஞ்சாங்கம் முழுவதையும் ஒப்பித்தாள். கடைசியில் ஒருநாள் கடையின் மாடிப்படியிலேயே மயங்கி விழுந்தாள். இந்த மருத்துவமனையில் சேர்த்தபின், மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்று ஒருவழியாக முடிவாயிற்று. அவள் தியேட்டரைவிட்டு நலமாக வெளியே வரும்வரை ஒரு பருக்கையும் உண்பதில்லை என்று வடபழனி ஆண்டவனுக்கு வஞ்சினம் உரைத்து, எவரிடமும் அதைச் சொல்லாமல், ரத்தம் கொடுக்கப் புறப்பட்டு வந்திருந்தான் நம் காவலன்.

ரத்த வங்கியிலோ, உறைகுளிர்ப் பெட்டகங்களின் தனிப்பெருந்தலைவி, ஒரு பை குறைந்தாலும் உறக்கம் கொள்ளாத டாக்டர் ஜுவேரியா வீற்றிருந்தார்.

“காலைல என்ன சாப்ட்டீங்க சார்?”

சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போய்ப் போய்ப் பழகிய வீரன், பாராட்டை எதிர்பார்த்து மீசையை நீவினான். “ஒண்ணுமே இல்லம்மா! பச்சத்தண்ணி பல்லுல படல!”

“ஐயோ, வெறும் வயித்துல குடுத்தா மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. போய் நல்லா சாப்ட்டு வாங்க. காலேஜுக்கெல்லாம் லீவு, ரத்தம் குடுக்கிற பசங்களே வரல. உங்க சம்சாரத்துக்குப் பொருத்தம் பாத்து ரெண்டு பை எடுத்து வெச்சிருக்கேன். பதிலுக்கு ஒரு பையாவது உள்ள வந்தாதான் நாளைக்கு ஆபரேஷன். இல்லன்னா அடுத்த வாரம்தான்.”

அந்தோ! ஒருபுறம் வேலேந்திய கடவுள், மறுபுறம் ஊசியேந்திய மருத்துவர். இடையில் சிக்கிக்கொண்டது நல்லசிவத்தின் வயிறு. உண்டால் வாக்குத் தவறும், தவறினால் தங்கத்துக்கு என்ன ஆகுமோ. உண்ணாவிட்டால் நாள் தள்ளும், தள்ளினால் மறுபடி எந்தப் படியில் விழுவாளோ! மைத்துனனை அனுப்பலாமென்றால் அவனுக்கு மஞ்சள்காமாலை. தேநீர் உணவாகுமா, பிஸ்கட் பாவமாகுமா என்று தனக்குத்தானே வழக்காடித் தோற்று, இரண்டாம் மாடிக்கு ஏறிப் போய்த் தங்கத்தின் கட்டிலருகே உண்மையைக் கக்கினான்.

வெளுத்துக் கிடந்த அப்பேரரசி தலையணையிலிருந்து தலையைக் கூடத் தூக்காமல் தன் ஆணையை வெளியிட்டாள்:

“உங்கள யாரு இந்த வேலையெல்லாம் பாக்கச் சொன்னா? முருகன்ட்ட நான் பேசிக்கிடுதேன். உங்க விரதத்தால என் ஆபரேஷன் தள்ளிப்போச்சுன்னா அவனுக்குத்தான் கெட்ட பேரு. போய்ச் சாப்பிடுங்க!”

ஆணை சிரமேற்கொண்டு அடுகளம் புகுந்தான் அரசன். கேன்டீனில் இட்லிப்படை முன்பே மாண்டிருந்தது. “பொங்கல் கீது, வடை கீது. இன்னா சார் வோணும்?” என்று அறைகூவினான் கரண்டியேந்திய காவலன். வெண்ணிறக் குன்றெனக் கிளர்ந்து, மிளகுப் பாறைகள் ஆங்காங்கே முகங்காட்ட, நெய்யருவி நாற்றிசையும் வழிய வந்தமர்ந்தது பொங்கல். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு முறை “முருகா, மன்னிச்சிரு” என்று முணுமுணுத்தான். ஆயினும் இலையில் ஒரு மிளகு கூட மிஞ்சவில்லை.

பின்னர், நாடியும் அழுத்தமும் அளக்கப்பெற்று, வலிய கை நீட்டி வாளாக்கிடந்தான் வள்ளல். ஊசி நுழைந்த கணத்தில் மீசை ஒருமுறை நடுங்கியதைக் கண்டும் காணாததுபோல் ஜுவேரியா ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். செங்குருதி குழாய்வழி இறங்கப் பை மெல்ல மெல்லத் தொட்டிலாய் ஆடிற்று.

“நாளைக்கு இது தங்கத்துக்குத்தானம்மா ஏத்துவீங்க?”

“இல்ல சார். அவங்களோடது தனியா இருக்கு. இது வேற யாருக்காச்சும் போகும்.”

தன் உதிரம் தன் மனைவியின் நாளங்களில் ஓடப்போகும் காட்சியைக் கண்ணுக்குள் வரைந்து வைத்திருந்தவன் தொட்டிலாடும் பையைத் திரும்பிப் பார்த்தான். “யாரோ, நல்லா இருக்கட்டும்” என்றான் பிறகு.

மறுநாள் முற்பகல், தியேட்டரின் இரட்டைக் கதவம் திறந்தது. கையில் ஒட்டிய பஞ்சோடு எழுந்து நின்ற நல்லசிவம், உள்ளே உதிர வெள்ளம் எவ்வளவு பெருகிற்றோ, எடுத்துவைத்த இரு பைகளும் அதனை எதிர்நின்று தடுத்தனவோ, மூன்றாவதற்குத் தன் மறுகையையும் நீட்ட வேண்டுமோ, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் தங்கம் கண் விழித்தாளோ என்று ஆயிரம் கேள்விகளோடு கைகூப்பி நின்றான்.

“நல்லபடியா முடிஞ்சுது, ரத்தமே ஏத்தல” என்றார் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி.