சம்பந்தியின் மீன்தொட்டியில் நான் போட்ட வெளிச்சம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் பாக்கியரத்தினம் அவர்களுக்கு,

சின்னராசா எழுதிக்கொள்வது. கோணேசப் பெருமான் கிருபையால் நானும் மனைவியும் நலம். மட்டக்களப்பில் தங்கள் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று மருமகன் இராகுலன் சொல்ல அறிந்து மகிழ்ந்தோம். கண்கட்டு அவிழ்க்கும்வரை இதை என் மகள் பிரசாந்தினிதான் தங்களுக்கு வாசிக்க வேண்டியிருக்கும். மகள், மெதுவாக வாசிக்கவும்.

சம்பந்தி, வீட்டுப் பூட்டின் திறப்பைத் தந்து, தொட்டியையும் அதிலுள்ள ஏஞ்சல் மீனையும் என்னை நம்பி விட்டுப் போனீர்கள். காலஞ்சென்ற சம்பந்தியம்மா தன் கையால் தீன் போட்டு வளர்த்த மீன் என்பதை நான் ஒருபோதும் மறக்கவில்லை. மறக்காதபடியால்தான் இவ்வளவும் நடந்தது.

"தண்ணி மாத்தேக்க தொட்டி லைற்றை நிப்பாட்டுங்கோ, மீன் வெருளும்" என்று தாங்கள் சொன்னபடியே நிப்பாட்டினேன், ஆனால் பூட்டிக் கிடந்த வீடு, வாளி எது குழாய் எது என்று தெரியவில்லை, ஆகவே போனில் ரோர்ச்சைப் போட்டு வாயில் கவ்விக்கொண்டு குனிந்தேன், அந்த நேரம் பார்த்து மனுசி குசினிக்குள்ள இருந்து "லைற்றை நிப்பாட்டிட்டீங்களோ?" எண்டு கேட்டா, நான் "ஓம்" எண்டு வாயைத் திறந்தன், போன் தொட்டிக்குள்ள விழுந்துட்டுது. ரோர்ச் எரிஞ்சபடியே அடியில போய்க் கிடந்தது. மீன் வெருண்டு கல்லுக்குப் பின்னால ஒளிச்சுட்டுது. நீங்கள் எடுத்த அழைப்புக்கெல்லாம் பதில் இல்லாததுக்குக் காரணம் இதுதான். "யன்னலைத் திறந்திருக்கலாமே" எண்டு மனுசி பிறகு கேட்டா. எனக்கு அது தோன்றேல்லை.

அதுக்குப் பிறகு மீன் தீன் எடுக்கேல்லை. தனிமைதான் காரணம் எண்டு நானாய் நினைச்சன். அந்தப் பெரிய வீட்டில நீங்களும் அப்பிடித்தானே இருக்கிறியள், ஒருநாளாவது வந்து உங்களோட இருந்து கதைச்சனானோ எண்டு மனசுக்குள்ள குத்திச்சுது. அதால, ஆருக்கு எண்டு சொல்லாமல், வளர்ப்பு மீன் விக்கிற நௌபரின்ர கடையில துணைக்கு மூண்டு மீன் வாங்கினன். அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்: "ஐயா, பையோட கொஞ்ச நேரம் மிதக்க விடுங்கோ. திறந்து விடேக்க லைற் வேண்டாம். வெளிச்சத்தில கண்டால் பழைய மீன் சண்டைக்குப் போகும்." ஆனா நான் ஆர்? துறைமுகத்தில கப்பலுக்கு வழிகாட்டி விளக்குப் பார்த்து ஓய்வுபெற்றவன். வெளிச்சம் கூடி எந்தக் கப்பலும் கரைதட்டினதில்லை. ஏற்கெனவே இருட்டை நம்பிப் போனையும் பறிகுடுத்தவன். தொட்டி லைற், விறாந்தை லைற் எல்லாத்தையும் போட்டுத்தான் விட்டன். மூண்டும் நாலாபக்கமும் பறந்துதுகள், எங்கட மீன் துரத்தித் துரத்திக் கண்ணாடியில மோதிச்சுது. நான் லைற்றை நிப்பாட்ட ஓடினன், பதட்டத்தில பிழையான சுவிச்சை அமத்தி மேல காத்தாடியைச் சுத்த விட்டுட்டன்.

விடியப் போய்ப் பார்த்தால் மீன் சரிஞ்சு மிதக்குது, சம்பந்தி. மனுசி வலையைத் தேடி எடுத்து என்ர கையில தந்தா. ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

கடலில விடுவம் எண்டு கொண்டு போனன். நன்னீர் மீனை உப்புத் தண்ணியில விட மனம் வரேல்லை. திரும்பக் கொண்டுவந்து உங்கட தேசிக்காய் மரத்தடியில தாட்டன். நீங்கள் கேட்டுக்கொண்டது ஒரு சுவிச்சை நிப்பாட்ட மட்டும். அதுவும் என்னால ஏலாமல் போச்சு. எனக்காகப் பிரசாந்தினியைக் கோவிக்க வேண்டாம்.

தங்கள் கண் பூரண குணமடைய அம்பாளை வேண்டும், வெட்கித் தலைகுனிந்த சம்பந்தி,
சின்னராசா

பி.கு.: மட்டக்களப்புக்குப் போற நௌபரிட்டக் குடுத்துவிட இந்தக் கடிதத்தை ஒட்டி வைச்சிருந்தன், இப்ப பிரிச்சு எழுதுறன். வந்தவர் என்ர முகத்தைப் பார்த்து விசாரிச்சார், சொன்னன். "பாக்கியரத்தினம் சேரின்ர மீனோ? அம்மா வளர்த்தது அவ மௌத்தாகி அடுத்த மாசமே செத்துட்டுதே. மகனுக்குத் தெரிய வேண்டாம் எண்டு, உடம்பில அதே கறுப்பு வரியுள்ளதாய்த் தேடி என்னட்டத்தான் வாங்கினவர்" எண்டார். கோவம் வரேல்லை, சம்பந்தி. தனியப் போய் நிண்டு வரி பார்த்திருப்பியள்.

இப்ப அந்த மூண்டையும் நௌபரிட்டயே திருப்பிக் குடுத்து, அதே வரியோட ஒண்டு வாங்கி, லைற்றை நிப்பாட்டி விட்டிருக்கிறன். மேல எழுதினதெல்லாத்தையும் மறந்துவிடுங்கோ, திருப்பி எழுத நேரமில்லை, நௌபருக்கு பஸ் வருது. பிரசாந்தினி, மருமகன் பக்கத்தில நிண்டால் மீன் சுகம் எண்டதை மட்டும் வாசி. ஆராலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஏலாதெண்டு நௌபர் சொல்லுறார். நீங்கள் கண்டுபிடிப்பியள். ஒண்டும் சொல்லாமல் தீன் போடுங்கோ. நானும் வந்து பக்கத்தில இருக்கிறன்.