மிடி என்றால் விடியல் அல்ல

சூரியன் நன்றாக மேலேறிவிட்டது. திருகோணமலை உள்துறைமுகத்து ஜெட்டியில் கலீலுர் றஹ்மான் படகின் இஞ்சினை மறுபடியும் நிறுத்தினார். திமிங்கிலம் பார்க்க வருவதாகச் சொன்ன பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் காணவில்லை.

முந்தின நாள் அவளை ஜெட்டியில் இறக்கிவிட்ட ஆட்டோக்காரன்தான் பிரெஞ்சு என்று சொன்னான். உடனே கலீல், தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லான 'போன்ஷூர்' என்பதைச் சொன்னார். அவள் முகம் மலர்ந்து அதையே திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகு பிரெஞ்சை விட்டு இறங்கி வர முடியவில்லை.

விடுதிக்குப் போனார். அவள் வாசலில் ஆறுதலாகப் பட்டர் பூசிய பாண் தின்றுகொண்டிருந்தாள்.

"டிமான்ஷ்!" என்று போனில் ஞாயிற்றுக்கிழமையைக் காட்டினாள்.

நாளை என்பதற்கு அவர் போனில் தேடிப் பிடித்த சொல் 'டுமேன்'. வாயில் வந்தது 'டிமான்ஷ்'. சனிக்கிழமையே அவள் கொழும்புக்குப் போகிறாள்.

"இங்கிலீஷில சொல்லுங்களன்," என்றாள் வீட்டில் மனைவி ஹுஸ்னியா.

"பிரெஞ்சுக்காரரோட இங்கிலீஷ் கதைச்சா அவங்களுக்குப் பிடிக்காதாம்."

போன் வீடியோவில் ஒரு பெண் பிரெஞ்சுக் கிழமைகளைச் சொல்லிக் கொடுத்தாள். 'மெர்க்ரடி' புதன். 'மத்தேன்' மத்தியானமாகத்தான் இருக்க வேண்டும். 'மிடி'? விடி, மிடி. சரி, அது விடியல்.

"மெர்க்ரடி, மிடி," என்று விடுதியில் அவளிடம் சொல்லிவிட்டு வந்தார்.

புதன் விடியலிலிருந்து காத்திருந்தார். அவள் சரியாக மிடிக்கு, உச்சி வெயிலில், தொப்பியோடு வந்தாள். அதற்குள் காற்று எழும்பிக் கடல் வெள்ளையாகப் புரண்டது. 'ஏலாது' என்பதற்குப் பிரெஞ்சு தெரியாமல் இரண்டு கைகளையும் ஆட்டினார். அவள் முகம் சிவந்து, தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தாள். ஏசியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்க மாட்டார்.

விடுதி மனேஜர் பஹ்மி போன் எடுத்தான்.

"நானா, எங்கட ஆளைக் கொதிக்கிற வெயிலில நிக்க வைச்சிருக்கிறீங்க. ஏலாதெண்டா சொல்லுங்க, நிலாவெளிப் போட்டுக்காரரிட்ட அனுப்புறன்."

"ஒரே ஒரு தரம், தம்பி."

குசினிக்குள் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பாடமாக்கினார். "ஜெடி மத்தேன். வியாழன் காலை. ஜெடி மத்தேன்."

"எனக்கே பாடமாகிட்டுது. நான் போய்ச் சொல்லவா?" என்றாள் ஹுஸ்னியா, ரொட்டியைப் புரட்டியபடி.

இந்த முறை விடுதிக்குப் போய் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். அவளும் திருப்பிச் சொல்லித் தலையாட்டினாள்.

வியாழன் காலை அவள் வரவில்லை. பொழுதுபடும் நேரம், அவர் படகைக் கட்டிக்கொண்டிருக்கையில், கெமராவோடு ஓடி வந்தாள்.

கலீல் படகின் முன் அணியத்தில் குந்திவிட்டார். பிழை சொல்லில் இல்லையென்றால் தன் நாக்கில்தான். இந்த வயதில் இனி அது வளையாது.

"விட்டிருங்களன்," என்றாள் ஹுஸ்னியா, அன்றிரவு சோறு போடும்போது.

"மூண்டு நாளா ஒரு மனிசியை அலைய வைச்சிட்டன். கடலைக் காட்டாம அனுப்பினா எனக்கு நித்திரை வராது."

வெள்ளி விடியற்காலை. ஜும்ஆத் தொழுகைக்கு முன் திரும்பிவிடலாம். ஆட்டோ பிடித்து விடுதி வாசலுக்கே போனார். ஒரு சொல்லும் பேசாமல் கடல் பக்கம் கையைக் காட்டினார். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஏறினாள்.

கோணேசர் மலையைத் தாண்டி நெடுந்தூரம் போனதும் நீருக்கு மேலே ஒரு நீல முதுகு எழுந்தது. மூச்சு தென்னை உயரத்துக்குப் பீய்ச்சியது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ கத்தினாள்.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார் அவர்.

கிழமையும் நேரமும் இருவருக்கும் தேவைப்படவில்லை.

விடுதி வாசலில் அவரிடம் "மெர்சி, மெர்சி" என்று சொல்லிவிட்டு, பஹ்மியிடம் ஏதோ குசுகுசுத்து உள்ளே போனாள். கலீல் களைப்போடு மதிலில் சாய்ந்தார்.

"நானா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே?" என்று கேட்டான் பஹ்மி.

"ஓம். வெள்ளைக்காரரோட அதிலதானே கதைக்கிறனான். இவவுக்கெண்டுதான் பிரெஞ்சில கிடந்து சாகிறன்."

பஹ்மி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"அவ ஹங்கேரிக்காரி, நானா. அங்க இங்கிலீஷ் டீச்சர். இந்தப் பாவப்பட்ட மனுசனுக்குப் பிரெஞ்சைத் தவிர வேற ஒண்டும் தெரியாதெண்டு, நீங்க 'போன்ஷூர்' சொன்ன நாளிலயிருந்து அவவும் போனைப் பார்த்துப் பிழை பிழையாக் கிழமையும் நேரமும் படிக்கிறா."