வாளி இன்ஜினுக்குத் திருநீறு

சும்மா இருக்க எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதற்கும் அதுதான் காரணம் (நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்). இது நடந்தபோது எனக்கு எழுபத்தொரு வயது. அறியாப் பருவம். இப்போது எழுபத்துநாலு, கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

என் பேத்தி மதுரா விமான இன்ஜின் படித்தவள். இன்ஜின் திருத்துகிற ஓர் இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நேர்முகம் கம்பியூட்டரில். உடையார்கட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தே பேசலாம். ஆனால் இன்ஜினில் ஒரு பகுதியைச் செய்து காட்டி விளக்க வேண்டும். அவள் எடுத்தது கம்பிரசர்.

ஒரு கிழமையாக என்னை முன்னால் இருத்திச் சொல்லிப் பழகினாள். அடி வெட்டிய வாளி ஒன்று. அகன்ற வாய் முன்னுக்கு, ஒடுங்கிய பக்கம் பின்னுக்கு. உள்ளே பால்மாத் தகரத்தில் வெட்டிய இலைகள், வரிசை வரிசையாக. ஒரு வரிசை மோட்டரில் சுற்றும், அடுத்தது அசையாது. சுற்றுகிற வரிசை காற்றைப் பின்னுக்குத் தள்ளும். அசையாதது அதை நேராக்கி அடுத்த வரிசையிடம் கொடுக்கும். போகப் போக இடம் ஒடுங்க, காற்று நெருங்கும். அப்படி நெருக்கிய காற்றில் எண்ணெய் எரிந்தால்தான் பிளேன் எழும்புமாம்.

"உது எங்கட முல்லைத்தீவு பஸ்தானே," என்றேன். "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ எண்டு கொண்டக்டர் நெருக்கிறான்."

"ஓம் அம்மம்மா. பின்னுக்கு வழி அடைபட்டா?"

"எல்லாரும் திரும்பி முன்கதவால விழுவினம்."

"அதுக்குப் பேர்தான் சேர்ஜ். இன்ஜினுக்கு அதைவிடக் கூடாத வருத்தம் இல்லை."

இவ்வளவும் விளங்கிய நான்தான் அடுத்ததைச் செய்தேன்.

நேர்முக நாள், மதுரா உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளின் தாய், என் மகள், என்னைக் குசினியில் இருக்கச் சொல்லியிருந்தாள். கிணற்றடிக்குப் போனேன், வாசல் படலைக்குப் போனேன், திரும்பி வந்தேன். கால் முன்னறைக்கு இழுத்தது. புது டிராக்டருக்கே சந்தனம் பூசுகிறோம், பிள்ளையின் இன்ஜினுக்கு ஒன்றும் இல்லையா? வாளியில் திருநீற்றால் மூன்று குறி இழுத்தேன். அதன் வாய்க்குள்ளும் ஒரு சிட்டிகை போட்டேன் (அது ஒரு பிடியாகிவிட்டது). பிறகுதான் பார்த்தேன், வாளியின் பின்பக்கம் நேராகப் பிள்ளையார் படத்து விளக்கைப் பார்த்தபடி. பழகின நாட்களில் அந்தக் காற்றுக்கு விளக்கு இரண்டு தரம் அணைந்தது. இந்த நாளில் நூரலாமா? குசினித் துணியைச் சுருட்டிப் பின்பக்கத்தை அடைத்தேன்.

திரையில் கேள்வி கேட்கிறவர்கள், இரண்டு சேர்மார், ஒரு மிஸ். நான் கதவுக்குப் பின்னால். மதுரா தண்ணீர் போல இங்கிலீஷ் கதைத்தாள். வாளி வாய்க்கு நேரே குனிந்து சுவிட்சைப் போட்டாள். உள்ளே டொப் என்று ஒரு சத்தம். காற்று நான் சொன்னபடியே முன்கதவால் விழுந்தது, திருநீற்றோடு. பிள்ளை ஒரு நொடியில் சாமியார் ஆகிவிட்டாள். கமராவும் வெள்ளை.

மிஸ் தமிழுக்கு மாறினார். "பிள்ளை, என்ன புகை அது? நெருப்புப் பிடிச்சிட்டுதோ?"

மதுரா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இல்லை மிஸ். அம்மம்மா."

அதோடு நின்றிருக்கலாம். நான் ஈரத்துணியோடு ஓடிப்போய்க் கம்பியூட்டரைப் பொத்தான்களோடு நன்றாகத் துடைத்தேன். எல்லாரும் மறைந்து போனார்கள்.

வேலை கிடைக்கவில்லை. மதுரா ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். இரண்டு நாள் திருநீறு போகத் தகர இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சில மாதத்தில் அதே இடம் திரும்பக் கூப்பிட்டது. நேர்முகத்துக்கு முதல் நாளே மகள் என்னை நெளுக்குளத்தில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள். நான் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்த நடையில் தன் முற்றம் தேய்கிறது என்று தங்கச்சி முறையிட்டாள். பின்னேரம் போன் வந்தது.

"அம்மம்மா, சேர்ஜ் என்னத்தால வரும் எண்டுதான் கேட்டவை. வாளிக் கதையைச் சொன்னனான். மிஸ்ஸுக்கு உங்களை ஞாபகம் இருக்கு. வேலை தந்திட்டினம்."

இப்போது எங்கள் வீட்டில் நேர்முகமோ பெண் பார்க்கிறதோ வந்தால், நல்ல நேரம் பார்ப்பதற்கு முன் நெளுக்குளம் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் பார்க்கிறார்கள். என் பை எந்நேரமும் கட்டியபடி இருக்கிறது. திரும்பி வரும்போது அதில் திருநீறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் மகள் படலையைத் திறப்பாள்.

(அது என் இடுப்பில் இருக்கிறது.)