நாயக் பதவி பெற்ற கிடா

போர்முனையில் ஆட்டுக்குப் பதவி கொடுப்பார்களா? கொடுத்தார்கள் என்கிறார் எங்கள் எதிர்வீட்டு மிலிட்டரி. நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆட்டைப் பார்த்தாலே மற்றவர்களுக்குச் சீரகச் சம்பா பிரியாணி நினைவுக்கு வரும் திண்டுக்கல்லில், ஆட்டுக்குச் சல்யூட் அடிக்கும் ஒரே மனிதர் அவர்தான்.

அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மிலிட்டரி, அவ்வளவுதான். சண்டை நடந்தபோது அவர் இருந்த மலை உச்சிக்குச் சமையலுக்கென்று உயிருள்ள ஆடுகளை அனுப்பினார்களாம். அதில் ஒன்று, குண்டு விழுவதற்குச் சற்று முன்பே கத்தி எல்லோரையும் பதுங்கு குழிக்குள் ஓட வைத்ததாம். அப்புறம் அதை யார் வெட்டுவார்கள்? நாயக் என்று பதவி கொடுத்து, சப்பாத்தியும் வெல்லமும் கொடுத்தார்களாம்.

"ஒருக்கா மேஜரோட மேப்பைத் தின்னுபுட்டான் தாயி. பதவியை எறக்கிட்டாக. அன்னைக்குப் பூராம் பய மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தான்" என்பார்.

பிரியாணிக் கடைக்குப் போனால் கறி இல்லாத குஸ்காதான். தட்டு வந்ததும் கிளறிப் பார்த்துவிட்டு, பரிமாறுபவரிடம் குரலைத் தாழ்த்தி, "அப்பு, இதுக்குள்ள யாரும் இல்லேல்ல?" என்று கேட்பார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், எங்கள் வீட்டுக்கு ஆடு வரும்வரை.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் இறங்கவே இல்லை. காதுகுத்துக்குக் கிடா வெட்டுவதாகச் சித்தையன்கோட்டைப் பக்கம் இருக்கும் கருப்பசாமிக்கு வேண்டிக்கொண்டேன். ஊசி சீழ் வைக்குமோ, வெயில் சேராதோ என்று நான் தள்ளிப்போட்டதில் அவள் ஒன்றாம் வகுப்புக்கே வந்துவிட்டாள். ஒருவழியாக நாள் குறித்து, கிடாவை வாங்கி வாசலில் கட்டினோம்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக் கேட் திறந்தது.

"வந்துட்டியாலே நாயக்!"

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. "சாவ்தான்!" என்று மிலிட்டரி கத்துவார். ஆடு விறைப்பாக நிற்கும். பக்கத்தில் என் மகளும் நிற்பாள். பிறகு ஆட்டின் முதுகில் ஒரு சொம்புத் தண்ணீர். அசையாமல் நின்றால் வெல்லம்.

"தண்ணி எதுக்குங்கய்யா?" என்று கேட்டேன்.

"பட்டாளத்தான் மழையில சிலுப்பிக்கிட்டு நிக்கலாமா தாயி?"

சரிதான் என்று நினைத்தேன். ஆட்டுக்குச் சளி பிடிக்குமே என்று ஒரு துண்டும் கொடுத்தேன்.

கோயிலில்தான் எனக்கு விளங்கியது. பூசாரி ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அதன் பிறகுதான் வெட்டு. ஊற்றினார். ஆடு தூண் மாதிரி நின்றது. மறுபடியும் ஊற்றினார். ஒரு ரோமம்கூட அசையவில்லை. எதிரே மிலிட்டரி மெடல் குத்திய மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

என் கணவருக்குப் புரிந்துவிட்டது. "பெரியப்பா, நீங்க செத்த நேரம் அங்கிட்டுப் போய் நில்லுங்க."

அவர் புளியமரத்துக்குப் பின்னால் போனார். பூசாரி சொம்பைச் சாய்த்தார். ஆட்டின் தோல் லேசாகத் துடித்தது.

"சாவ்தான்!"

மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தில் ஆடு உறைந்தது. மேளக்காரர் குச்சியும் அந்தரத்தில் நின்றது.

"சாமிக்கே ஆர்டர் போடுறாரேப்பா!" என்று பூசாரி சொம்பை வைத்துவிட்டார். "நேந்துக்கிட்டது யாரு? அவுகளே சொல்லட்டும். இன்னொருவாட்டி ஊத்தவா, வேணாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைக்குத் தயிர் கொடுக்கலாமா என்பதற்கே நாலு பேருக்குப் போன் போடுகிறவள் நான். மகளைப் பார்த்தேன். விறைப்பாக நின்றாள். கண்ணீர் வழிந்தது, சாவ்தானில் கையை எடுக்கக் கூடாது என்பதால் துடைக்கவில்லை.

"ஊத்துங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவுத்து விட்ருங்க" என்று வந்துவிட்டது.

காதுகுத்து விருந்தில் வெறும் கத்தரிக்காய் வெஞ்சனம்தான். "திண்டுக்கல்லுக்கே அசிங்கம்" என்று சொன்ன பங்காளி ஒருவர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

ஆடு எங்கள் வாசலில்தான் இருக்கிறது. மகள் தும்மினால்கூட எனக்குக் கருப்பசாமி நினைவு வந்துவிடுகிறது. வேறு கிடா வாங்கிக் கொடு என்கிறார் ஓரகத்தி. அதையும் இதே வாசலில்தான் கட்ட வேண்டும். எதிரே இருப்பவரும் இதே மனிதர்தான்!

கிடாவுக்குப் பதில் என்ன கொடுத்தால் சாமி ஏற்றுக்கொள்வார்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஆனால் மிலிட்டரிக்குத் தெரியாமல் செய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் இனி எந்த விசேஷமும் கிடையாது.