தீபாவளிக் கூட்டத்தைச் சலித்த சல்லடை அக்கா

முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து, "பாத்ரூம் போகணும், கொஞ்சம் விடுறீங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது? போடிக்கு வாக்கப்பட்டு வந்து நாலு வருடமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. எதிர்வீட்டுச் சல்லடை அக்காவுக்கு அது நொடி வேலை. உலகத்தில் பிறந்த எவரையும் ஒரே பார்வையில் தரம் பிரித்துவிடுவார்.

அக்காவுக்கு ஏலக்காய்க் கடையில் காய் சலிக்கிற வேலை. எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற பருங்காய் முதல் தரம். வாய் பிளந்த வெடிச்ச காய் கடைசி. மனிதர்களுக்கும் அவரிடம் அதே கணக்குத்தான்.

பண்டிகை லீவு வந்தால் மூணாறு போகிற வண்டிகள் மலையேற முடியாமல் ஊருக்குள் நின்றுவிடும். போனில் குறுக்குவழி பார்த்து எங்கள் தெருவுக்குள் நுழைந்து, இங்கேயும் நிற்கும். பால் வாங்கக்கூட நாங்கள் வெளியே போக முடியாது. இறங்குகிறவர்களுக்கு முதலில் வேண்டியது கழிப்பறை. தெருமுனையில் இருப்பது என் வீடு.

அக்கா நடுத்தெருவில் நின்று விசாரணையைத் தொடங்குவார்.

"எந்த ஊரு?"

"திருப்பூருங்க."

"பாத்ரூம் ஒருத்தருக்கா, வண்டிக்கேவா? நெசத்தச் சொல்லு. ஏப்பா, நீ கண்ணாடியக் கழட்டு. உரிச்சுப் பாக்காம நான் காய் எடுக்கிறதில்ல."

இவருக்கு ஏன் இந்தச் சோலி, மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்காரர்களோடு ஏதும் ஏற்பாடோ என்று எனக்குச் சந்தேகம். வந்தவர்கள் மேலும் சந்தேகம்தான். அவர்கள் போனதும் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், ஏன் விட்டுப் போனார்கள் என்று யோசிப்பேன்.

போன தீபாவளிக்கு மறுநாள், கிராப்பு வெட்டி, முழங்காலில் கிழிந்த பேண்ட் போட்ட ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்து கேட்டாள். "வெடிச்ச காய்" என்று அக்கா கையை ஆட்டிவிட்டார். அந்தப் பெண் வண்டியோடு ஓரமாக நின்றாள். அடுத்து ஒரு வேன். பட்டுப்புடவை, குங்குமம், வரிசையாகப் பிள்ளைகள்.

"எட்டு எம்.எம்.! ஒண்ணுகூட வெடிக்கல. கதவத் தெற ஆத்தா!"

திறந்தேன். ஒவ்வொருவராக உள்ளே போக, நான் பின்னால் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தேன். நன்றி சொல்லிவிட்டு வேன் போனது. திரும்பிப் பார்த்தால் இரண்டரை வயது மகளைக் காணோம். கட்டிலுக்கடியில் இல்லை. மாடிப்படியில் இல்லை. தெருவுக்கு ஓடி வந்தேன்.

"ஜட்டியோட ஒரு பாப்பா அந்த வேன்ல ஏறுச்சே, அவங்க பிள்ளை இல்லையா?" என்றாள் அந்த வெடிச்ச காய்.

அடுத்த நிமிடம் அவள் வண்டியில் நடுவில் நான், பின்னால் சேலையை வரிந்து கட்டிய அக்கா. மூன்று பேர் போவது தப்பு என்பதையும் போகிற வழியிலேயே யோசித்தேன். மலையடிவாரத்து முந்தலுக்கு முன்னால் வேன் வரிசையில் நின்றிருந்தது. அக்கா கதவை இழுத்துத் திறந்து, "பிள்ளைகள எண்ணும்மா!" என்று கத்தினார்.

பட்டுப்புடவைக்காரம்மா விரல் விட்டு எண்ணினார். "எங்க பிள்ளைக ஏழு. அஞ்சு, ஆறு, ஏழு… எட்டு! ஐயோ, இது யாரு?"

யாரோ ஒருவரின் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு, முறுக்குத் தின்றபடி உட்கார்ந்திருந்தாள் என் மகள். இறங்க மாட்டேன் என்று அழுகை வேறு.

திரும்பி வந்ததும் அக்கா அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். "மொதல்ல நீ பாத்ரூம் போயிட்டு வா தாயி. வெரசா."

அன்றிலிருந்து அக்கா வாசலுக்கு வருவதில்லை. கூப்பிட்டால், "எங் கண்ணு அவிஞ்சு போச்சு ஆத்தா. இனி நான் ஆள் பாக்க மாட்டேன்" என்கிறார். அடுத்த வாரம் பொங்கல். அவர் நின்றபோதுதான் மகள் தொலைந்தாள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் எதிரே நின்றால்தான் பின்னால் போய் ஒரு வாளி தண்ணீர் மொள்ள எனக்கு மனசு வருகிறது. அவரை என்ன சொல்லி மறுபடி தெருவுக்கு அழைத்து வரலாம்? தெரிந்தவர்கள் பொங்கலுக்குள் எழுதுங்கள்.