ஆசியாவில் ஒரு தலை அதிகம்

ஒரு விடுகதை. விடை தெரிந்தால் சொல்லுங்கள். நாற்பத்து நான்கு பிள்ளைகள். நாற்பத்து நான்கு இட்லி. திருடன் வரவில்லை, நாய் வாய் வைக்கவில்லை. பரிமாற வைத்தவர் படித்தவர், நேர்மையானவர், கணக்கில் புலி. ஆனாலும் பந்தி முடிந்தபோது இருபத்தேழு பிள்ளைகளுக்கு அரை வயிறுகூட நிறையவில்லை. ஐந்து இட்லி மிச்சம் கிடந்தது. எப்படி?

தலையைச் சொறிய வேண்டாம். பரிமாற வைத்தது சர்க்கார்.

தா.பழூருக்குக் கிழக்கே மூன்று மைலில் நொச்சிக்குட்டை என்று ஓர் ஊர். அங்கே ஒரு மானியப் பள்ளிக்கூடம். அதற்கு ஒரே வாத்தியார் வீரமுத்து. பதிவேட்டில் நாற்பத்து நான்கு பிள்ளைகள் உண்டு. பள்ளிக்கு வருகிறவர்கள் பத்தொன்பது பேர். மற்ற இருபத்தைந்து பேரும் மாடு மேய்த்துக்கொண்டும், வாய்க்காலில் நண்டு பிடித்துக்கொண்டும், தம்பி தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டும், பதிவேட்டில் மட்டும் ஒருநாள் தவறாமல் ஆஜராகி வந்தார்கள்.

வீரமுத்து பொய்யர் அல்ல. தலை குறைந்தால் மானியம் நிற்கும். மானியம் நின்றால் பள்ளியைப் பூட்டுவார்கள். பூட்டினால் வருகிற பத்தொன்பதும் மாட்டுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே, வராத இருபத்தைந்து பேரை வைத்து, வருகிற பத்தொன்பது பேருக்குப் பாடம் நடத்தி வந்தார். பதினோரு வருஷமாக யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம், தை மாதம், ஒரு சர்க்குலர் வந்தது. அனுப்பியது 'உலக அறிவு விருத்தி ஸ்பெஷல் இலாகா'. அப்படி ஓர் இலாகா பிறந்ததே அந்தச் சர்க்குலர் மூலமாகத்தான் ஊருக்குத் தெரியவந்தது.

"யுத்தம் முடிந்து உலகம் ஒன்றாகிவிட்டபடியால், உலக ஜனத்தொகையையும் உலகச் செல்வத்தின் பங்கீட்டையும் கிராமத்துப் பிள்ளைகள் கண்ணால் கண்டும் வாயால் ருசித்தும் அறியும்பொருட்டு, ஐந்து கோடி ஜனங்களுக்கு ஒரு பிள்ளை வீதம் மேற்படி பள்ளியில் உலகம் அமைக்கப்படும். பிள்ளைக்கு ஓர் இட்லி வீதம் பள்ளி மானேஜர் தயார் செய்ய வேண்டியது. பாடம் முடிகிற வரையில் தலை எண்ணிக்கை சரியாக இருப்பின் பள்ளியின் அங்கீகாரம் நீடிக்கும். குறைந்தாலும் கூடினாலும் ரத்தாகும்."

உலகத்தில் அப்போது இருநூற்று இருபது கோடிப் பேர். ஐந்தால் வகுத்தால் நாற்பத்து நான்கு. வீரமுத்து மூன்று முறை வகுத்துப் பார்த்தார். மூன்று முறையும் நாற்பத்து நான்குதான் வந்தது.

மறுநாள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயல்வெளிக்குப் போனார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த குழந்தைவேலைப் பிடித்தார்.

"டேய், வெள்ளிக்கெழமை பள்ளிக்கூடம் வந்துரு. ஆளுக்கு ஒரு முழு இட்லி."

"தீவாளிக்கு இன்னும் ஒம்பது மாசம் கெடக்கே சார்?"

"இது உலகத் தீவாளிடா."

"மாட்ட யாரு பாக்கிறது? சும்மா போனா பண்ணையில மத்தியானக் கஞ்சிய நிறுத்திப்புடுவாங்க. இட்லி முழுசா, புட்டா?"

"முழுசு. நான் வாக்குக் குடுக்கிறேன்."

அந்த ஒரு வாக்கை இருபத்தைந்து இடத்தில் கொடுத்தார். கடைசியாக அறுப்பு வயல் வரப்பில் சம்பூர்ணம் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. மடியில் ஒன்றரை வயசுத் தம்பி. அவன் பெயர் மதுரைவீரன். பெயரைத் தூக்கிச் சுமக்கும் அளவுக்குக்கூட உடம்பில் சதை இல்லை.

"தம்பிய வுட்டுட்டு வர முடியாதுங்க. அம்மா அறுப்புக்குப் போயிருது."

"தூக்கிட்டு வா ஆத்தா. ஒன் தலை வந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை காலை, ஸ்பெஷல் ஆபீசர் வேணுகோபால் அரியலூர் வரை ரயிலிலும், அப்புறம் கரியில் ஓடும் பஸ்ஸிலும், அப்புறம் மாட்டுவண்டியிலும் வந்து சேர்ந்தார். பள்ளி மானேஜரான பண்ணையார் நல்லுசாமி வீட்டில் பதினோரு இட்லி சாப்பிட்டார். அவரும் பண்ணையாரும் உலகத்துக்கு வெளியே இருப்பவர்கள் என்பதால் அந்த இட்லிகள் கணக்கில் வரவில்லை.

பிறகு பள்ளி முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு உலகத்தைப் படைத்தார். ஆசியாவுக்கு இருபத்து நான்கு பிள்ளைகள், ஐரோப்பாவுக்குப் பதினொன்று, அமெரிக்காவுக்கு ஆறு, ஆப்பிரிக்காவுக்கு மூன்று. ஆஸ்திரேலியாவில் ஒரு கோடிப் பேர்கூட இல்லாததால், ஒரு பிள்ளையில் ஏழில் ஒரு பங்கு தேவைப்பட்டது. ஆபீசர் சிறிது யோசித்து, ஐரோப்பாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையனின் இடது காலை நீட்டி ஆஸ்திரேலியாவில் வைக்கச் சொன்னார். பாடம் முடியும்வரை அந்தக் காலை அவன் மடக்கக் கூடாது என்று உத்தரவு.

பதிவேட்டு வரிசைப்படி பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பண்ணையார் எட்டிப் பார்த்தார்.

"நம்ம பேரன் செல்லதுரை எங்க?"

"ஆசியாவில் இருக்கிறான்" என்றார் ஆபீசர்.

"ஆசியாவுக்கு எத்தன இட்லி?"

"எட்டு."

"எத்தன பேரு?"

"இருபத்து நான்கு."

"அமெரிக்காவுக்கு?"

"ஆறு பேர். இருபது இட்லி."

பண்ணையார் அதிகம் படித்தவர் அல்ல. ஆனால் அரை நிமிஷத்தில் உலகப் பொருளாதாரம் முழுவதும் அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் செல்லதுரையும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும் அமெரிக்காவில் குடியேறினார்கள். சொந்த நிலம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். கூலிக்காரர் பிள்ளைகள் ஆசியாவில் இருந்தார்கள். இடம் போதாத மூன்று பேர் ஆப்பிரிக்கா ஆனார்கள்.

ஆபீசர் புல்லரித்துப்போனார். "எத்தனை ஊருக்குப் போனேன்! இவ்வளவு தத்ரூபமாக எங்குமே அமையவில்லை" என்று குறித்துக்கொண்டார்.

பண்ணை வீட்டுச் சமையல்காரி கிருஷ்ணம்மாள் கூடையோடு வந்தாள். ஆசியாவின் முதல் இலையில் ஓர் இட்லி வைத்தாள். இரண்டாவது இலையில் ஒன்று வைத்தாள்.

"நிறுத்துங்கள்! என்ன செய்கிறீர்கள்?"

"இலைக்கு ஒண்ணுன்னு ஒரு சுத்து வந்துட்டுத்தானுங்க மறு சுத்து. பந்தின்னா அப்படித்தானுங்களே."

"அம்மா, இது பந்தி இல்லை. உலகம்."

வைத்த இட்லிகள் திரும்ப எடுக்கப்பட்டன. அமெரிக்காவுக்கு இருபது போயிற்று, ஐரோப்பாவுக்குப் பதினைந்து, ஆப்பிரிக்காவுக்கு ஒன்று. ஆசியாவுக்கு வந்த எட்டையும் ஆபீசர் நூலால் அறுத்து, மூன்றில் ஒரு துண்டாக, இம்மி பிசகாமல் பங்கிட்டார். அவருடைய நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது.

வீரமுத்து அவர் காதருகே குனிந்தார். "சார், ஆளுக்கு ஒண்ணுன்னு வாக்குக் குடுத்துத்தான் கூட்டியாந்திருக்கேன்."

"யாருக்கு?"

"எல்லாத்துக்கும்ங்க."

"உலகம் முழுவதற்கும் வாக்குக் கொடுக்க உமக்கு ஏது அதிகாரம்? அதைப் பெரிய இடத்தில் கொடுப்பார்கள்."

குழந்தைவேல் தன் துண்டை ஒரே வாயில் விழுங்கிவிட்டு எழுந்து நின்றான். "சார், மாடு மேச்சிருந்தாக் கஞ்சியாச்சும் கெடச்சிருக்கும். நான் போறேன்."

"எங்கே?"

"ஆசியாவ வுட்டுத்தான்."

"அப்படியெல்லாம் போக முடியாது. பாஸ்போர்ட் வேண்டும். மேலும், ஜனத்தொகை என்பது கூடுமே ஒழியத் திடீரென்று குறையாது."

"வங்காளத்துப் பஞ்சத்துல கொறஞ்சுதுங்களே" என்று வீரமுத்து வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

ஆபீசர் அவரைக் கூர்ந்து பார்த்தார். "அது வேறு இலாகா" என்றார்.

வீரமுத்து ஓடிப்போய்க் குழந்தைவேலின் தோளை அமுக்கி உட்காரவைத்தார். "கையெழுத்து ஆவுற வரைக்கும் இருடா சாமி. ஒரு தலை போனாப் பள்ளிக்கூடம் போச்சு."

இதற்குள் அமெரிக்காவில் வேறு விதமான கஷ்டம் தோன்றியது. காலையில் வீட்டிலும் இட்லி தின்றுவிட்டு வந்திருந்த செல்லதுரை, "எனக்குப் போதும்" என்றான். மற்ற ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். எண்ணியதில் ஐந்து முழு இட்லி மிச்சம் கிடந்தது. செல்லதுரை கையிலிருந்த பாதி இட்லியைப் பிய்த்துக் காக்கைக்கு எறிந்தான்.

சம்பூர்ணம் தன் துண்டைத் தான் தின்னவில்லை. மடியில் தூங்கி விழித்த தம்பியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி முடித்துவிட்டு, கையை நக்கினாள். பிறகு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், அங்க அஞ்சு கெடக்குதுங்க."

"அது அமெரிக்காவினுடையது."

"அதுக்கு வேண்டாமாம்ங்க."

"வேண்டாம் என்றாலும் அதனுடையதுதான். அதற்கு உபரி என்று பெயர்."

"காக்காய்க்குப் போடுதுங்களே?"

"போடலாம். காக்கை திரும்ப வந்து கேட்டால் விரட்டிக்கொள்ளலாம். உங்களுக்குப் போட்டால் பழகிவிடும். அப்புறம் இட்லிக்கு மதிப்பே இருக்காது." இப்படிச் சொல்லிக்கொண்டே வந்த ஆபீசர் சட்டென்று நின்றார். விரலை நீட்டினார். "இது என்ன?"

"தம்பிங்க."

"பதிவேட்டில் இருக்கிறானா?"

"இல்லீங்க. இடுப்புல இருக்கான்."

ஆபீசர் ஆசியாவை மறுபடி எண்ணினார். முகம் வெளுத்தது. "இருபத்தைந்து! உமது உலகத்தில் ஐந்து கோடிப் பேர் அதிகம், வாத்தியாரே!"

"கைக்கொழந்தைங்க அது…"

"பஞ்சம் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது." அவர் குரலை உயர்த்திப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டார் என்பது தெரிந்தது. "கவனியுங்கள். ஆசியாவில் ஏன் இட்லி பற்றவில்லை? தலை அதிகம். யாருடைய தலை? இதோ, இவனுடையது. இவன் வந்ததால்தான் உங்கள் எல்லோருக்கும் குறைந்தது."

"அவன் முழிக்கிறதுக்கு முன்னாடியே நூலப் போட்டு அறுத்துட்டீங்களே சார்" என்றாள் சம்பூர்ணம்.

"அது புள்ளிவிவரம். உனக்குப் புரியாது."

ஆனால் ஆசியாவுக்குப் புரிந்தது. இருபத்து மூன்று ஜோடிக் கண்கள் செல்லதுரையின் இலையை விட்டு மதுரைவீரனின் வாய்க்குத் திரும்பின. அங்கே ஓர் இட்லித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எறக்கி வுடு புள்ள!" என்றான் குழந்தைவேல். "ஒந்தம்பியாலதான் எல்லாம்."

"எறக்கி வுடு! எறக்கி வுடு!" என்றது ஆசியா. பசியால் ஈனக்குரலில் ஆப்பிரிக்காவும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவில் கால் மரத்துப்போயிருந்த பையன்கூடக் கத்தினான்.

ஆபீசர் கையமர்த்தினார். பலாத்காரம் சர்க்காருக்குப் பிடிக்காது. அமெரிக்காவின் உபரியிலிருந்து ஒரு முழு இட்லியை எடுத்து ஒரு வாழை இலைத் துண்டில் வைத்தார். "இது நிர்வாகப் பரிசு. பெண்ணே, நீயே தீர்மானம் செய். இவனைக் கோட்டுக்கு வெளியே விட்டால் இட்லி உனக்கு. உள்ளே வைத்துக்கொண்டால் இட்லி இல்லை. கணக்குப் பொருந்தாத உலகத்துக்கு நான் கையெழுத்தும் போட மாட்டேன்."

சம்பூர்ணம் வாத்தியாரைப் பார்த்தாள்.

வீரமுத்து பதினோரு வருஷத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு எத்தனையோ நல்ல விஷயம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இருப்பதைப் பகிர்ந்து உண்ண வேண்டும், எளியவரை ஒதுக்கக் கூடாது என்றெல்லாம் கரும்பலகையில் அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார். இப்போது ஆபீசரின் பேனாவைப் பார்த்தார். மூடி கழற்றியிருந்தது. பூட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தையும், மாட்டுக்குப் பின்னால் போகும் பத்தொன்பது பேரையும் நினைத்தார். அத்தோடு தன் வீட்டு உலையையும் நினைத்தார்.

"ஒரு நிமிசந்தான் ஆத்தா" என்றார் மெதுவாக. "எறக்கி வுட்டுரு."

"வெயிலா இருக்குங்க சார்."

"ஒரு நிமிசந்தான்."

பண்ணையார் சிரித்தார். செல்லதுரை அடுத்த காக்கைக்குக் குறி பார்த்தான். கிருஷ்ணம்மாள் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஆபீசர் பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சம்பூர்ணம் தம்பியை இடுப்பிலிருந்து இறக்கி, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தாள். திரும்பி வந்து இட்லியை வாங்கினாள். முழுவதையும் தானே தின்றாள்.